வரப்பில் நின்ற புள்ளிகள்

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். அதனால் ஏழாவது செமஸ்டரில் ஒரு பெரிய தொழில்நுட்பக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்து, வேலை கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் இல்லை, மலை மேல் நிலம் நிலமாகச் சுற்றவும் வேண்டும் என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலூரைச் சுற்றி இருக்கும் எத்தனையோ பொறியியல் கல்லூரிகளில் எங்களுடையதும் ஒன்று. பெயரைச் சொன்னால் அந்த வழி பஸ் கண்டக்டருக்கு மட்டும்தான் தெரியும். அங்கிருந்து அந்தக் கம்பெனிக்குள் அதுவரை ஒருவரும் போனதில்லை. நேர்காணலில் நான் தேறியதற்கு என் கோடிங் ஒரு காரணம், என் முகவரி இன்னொரு காரணம். படவேட்டுக்குப் பக்கத்து ஊர். அவர்களுடைய ஆராய்ச்சி ஜவ்வாது மலையைப் பற்றியது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும் என்று நான் சொன்னதும் திரையில் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மலையைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் மேலே போனது இரண்டே தடவை, அதுவும் அருவி பார்க்க. அதை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

வேலை இதுதான். செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் பார்த்து, எந்த நிலத்தில் சாமை இருக்கிறது, எதில் கேழ்வரகு, எது தரிசு, எது காடு என்று கம்ப்யூட்டர் தானாகவே சொல்ல வேண்டும். அதற்கு முதலில் யாராவது நேரில் போய், இது சாமை, இது தரிசு என்று அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். அந்த யாராவது நான். போனில் ஒரு ஆப். நிலத்துக்குப் போய் நின்று, பயிரின் பெயரைத் தொட்டு, ஒரு போட்டோ எடுத்து, பொத்தானை அமுக்கினால் நான் நிற்கும் இடம் வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும். அப்படி நிறையப் புள்ளிகள் சேர்ந்ததும் அவற்றை வைத்து கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்துவோம். கொஞ்சம் புள்ளிகளை மறைத்து வைத்து, பிறகு அவற்றைக் கொண்டே பரீட்சையும் வைப்போம்.

ஆறு மாதக் கடைசியில் கம்பெனியின் பெங்களூர் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். அதைப் பார்த்துத்தான் நிரந்தர வேலை. எங்கள் பிரிவில் இரண்டு இன்டர்ன்கள், ஒரே ஒரு இடம். இன்னொருவன் நாடே அறிந்த கல்வி நிறுவனத்திலிருந்து வந்தவன். சமவெளி நிலங்கள் அவன் பொறுப்பு, மலை என் பொறுப்பு. எனக்கு அந்த வேலை வேண்டும். மறைக்க என்ன இருக்கிறது, வெறியாக வேண்டும். அப்பாவின் முழங்கால் இன்னும் எத்தனை போகம் தாங்கும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

செப்டம்பரில் திருப்பத்தூர் போய், அங்கிருந்து ஷேர் ஜீப்பில் மலை மேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்கு ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு முறை வாந்தி. மலையடிவாரத்துப் பெண் என்று பெருமையாக நேர்காணலில் சொன்னவளுக்கு நல்ல வரவேற்பு. ஒரு சாமை நிலத்துக்காரப் பெண் தன் வீட்டின் முன்னறையை எனக்கு விட்டார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். கணவர் காப்பித் தோட்ட வேலைக்குக் கர்நாடகம் போயிருந்தார். அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அக்காவுக்குச் சும்மா பேசப் பிடிக்காது. இந்தப் புள்ளியெல்லாம் எதுக்கு என்று கேட்டார். மழை வந்து பயிர் போனால், யார் நிலத்தில் என்ன இருந்தது என்று இந்த வரைபடமே சொல்லிவிடும், நிவாரணம் சீக்கிரம் வரும் என்று, கம்பெனியில் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். "வந்தா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாலு வாரம் பேயாகச் சுற்றினேன். காலை ஆறரைக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் மூன்று ஊர் முடித்துவிடுவேன். ஒவ்வொரு நிலத்திலும் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, வரப்பில் நின்று, கையை நீட்டி போட்டோ எடுத்து, பொத்தானை அமுக்கி, அடுத்த நிலம். ஒரு இடத்திலும் யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. மோர் கொடுத்தார்கள், அவரைக்காய் கொடுத்தார்கள். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த இன்னொரு இன்டர்ன் ஒரு நாள் ஒரு செய்தி போட்டான். ஷூவோடு நெல் வயலுக்குள் இறங்கி நடு வயலில் நின்றானாம், கிழவர் ஒருவர் மண்வெட்டியோடு துரத்தினாராம், ஓடி வந்துவிட்டானாம். கீழே சிரிக்கும் முகங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டை விட்டுக் கதிர் தள்ளுகிற நெல்லில் ஒருவன் ஷூ காலோடு இறங்கினால் எங்கள் அப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு துரத்தியதோடு விட்டிருக்க மாட்டார். நான் சின்ன வயதில் பந்து எடுக்க நாற்றுக்குள் ஓடியதற்கு வாங்கிய அடி இன்னும் நினைவில் இருக்கிறது. அவனுக்கு நான் பதிலே போடவில்லை. மனதுக்குள், மண் தெரியாத பயல் என்று திட்டினேன்.

பெங்களூருக்குத் திரும்பி, பாடம் நடத்தி, பரீட்சை வைத்தேன். என் மலைக்கு அவனுடைய சமவெளியைவிட நல்ல மதிப்பெண். என் வழிகாட்டி தமிழ்ப் பெண்மணி, நிறையப் படித்தவர். எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அந்த அலுவலகத்து வழக்கம். எனக்கு மட்டும் வாயில் மேடம் என்றுதான் வரும். மேடம் இரண்டு முறை திரையை உற்றுப் பார்த்துவிட்டு, மலையில் இவ்வளவு நன்றாக வருமென்று எதிர்பார்க்கவில்லை என்றார். அன்றைக்கு நான் மூன்று மாடியும் படியிலேயே ஏறி இறங்கினேன், லிஃப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை.

இறுதிப் பேச்சுக்குப் பத்து நாள் இருந்தபோது, ஒரு சின்ன வீடியோ இருந்தால் நன்றாக இருக்கும் என்று மேடம் சொன்னார். சாமை நிலத்தின் பக்கத்தில் நான் நிற்க வேண்டும், கையில் போன், போனில் நாங்கள் செய்த வரைபடம். அவ்வளவுதான். மறுபடியும் ஜீப், மறுபடியும் வாந்தி. மலை முழுக்கச் சாமை பழுத்து நின்றது. அங்கங்கே அறுப்பு ஆரம்பித்திருந்தார்கள்.

அக்காவின் நிலத்துக்குப் போய் வரைபடத்தைத் திறந்தேன். சாமைக்குப் பச்சை, தரிசுக்குப் பழுப்பு. நீலப் புள்ளி, அதுதான் நான், வரப்பில் நிற்கிறது. எனக்கு முன்னால் இடுப்பளவு சாமை. போனில் அதே இடம் பழுப்பு. பழுப்பைச் சுற்றி நாலு பக்கமும் பச்சையில் ஒரு பட்டை. போனைத் திருப்பிப் பார்த்தேன், அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அக்கா என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, என் நெலத்துல ஒண்ணுமே இல்லன்னு காட்டுது? ஓரத்துல கீற புளியமரத்த சாமைன்னு போட்டுகீது."

அவர் சொன்ன அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று இன்றுவரை சில நேரம் தோன்றும். சாமை நிலம் ஒவ்வொன்றுக்கும் நான் வரப்பில் நின்று புள்ளி வைத்திருக்கிறேன். வரப்பில் இருப்பது புளிய மரமும் புதரும். தரிசு நிலத்தில் மிதிக்க ஒன்றும் இல்லாததால் அங்கே மட்டும் தாராளமாக நடுவில் போய் நின்றிருக்கிறேன். கம்ப்யூட்டர் பாவம், நான் காட்டியதைத்தான் கற்றுக்கொண்டது. மர ஓரம் என்றால் சாமை, திறந்த வெளி என்றால் தரிசு. பாடம் நடத்தியதும் வரப்பிலிருந்து, பரீட்சை வைத்ததும் வரப்பிலிருந்து. மதிப்பெண் வராமல் என்ன செய்யும்?

அக்கா அதோடு விடவில்லை. "நாளைக்கு மழ வந்து அடிச்சினு போச்சின்னா, ஆபீசர் இத்தப் பாத்துட்டு, இங்க ஒண்ணுமே இல்லியேன்னு சொல்லுவான். அப்ப நான் இன்னா பண்றது?" என்றார். அதற்குள் சரி செய்துவிடுவோம் என்று ஏதோ முணுமுணுத்தேன். வீடியோ எடுக்கவில்லை.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளைப் பற்றி எழுதவே எனக்குக் கூசுகிறது. துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். போனில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் மட்டும்தான். அங்கே போவேன், மேடத்தின் எண்ணை எடுப்பேன், திரும்பி வருவேன். ஒரே நாளில் எத்தனை நடை என்று தெரியாது, தொட்டிக்குப் பக்கத்து வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைப்பதையே நிறுத்திவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்பதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பெங்களூரில் இருந்து யார் வந்து இந்த வரப்பில் நிற்கப்போகிறார்கள்? வேலை கிடைத்துவிட்டால் உள்ளே போன பிறகு மெதுவாகச் சரி செய்துகொள்ளலாம். இதை எனக்கு நானே நல்ல பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டேன். நம்பவும் பார்த்தேன்.

இன்னொன்றும் உறுத்தியது. அந்த ஷூக்காரனுடைய புள்ளிகள் எல்லாம் சரியான இடத்தில் விழுந்திருக்கும். நட்ட நடு வயலில். அவன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு எந்த நியாயமும் இல்லை, ஆனால் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் சொல்லிவிட்டேன். பெரிய மனசாட்சி என்றெல்லாம் இல்லை. அக்கா எனக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே, அந்தப் படத்தைச் சரி பண்ணிவிட்டாயா என்று சாதாரணமாகக் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். கஞ்சியைப் பாதியில் வைத்தேன். எழுந்து தொட்டிக்குப் போய் மேடத்தைக் கூப்பிட்டு, நிற்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எப்போ தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"முந்தாநாள், மேடம்."

"அப்ப பத்து நாள்ல ரெண்டு நாள் போயாச்சு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புள்ளிகளை அலுவலகத்திலிருந்தே உள்பக்கமாக நகர்த்தி வைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். மலையில் நிலங்கள் கையகலம். ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் சாமை, அந்தப் பக்கம் கேழ்வரகு. நான் எந்தப் பக்கம் கையை நீட்டினேன் என்பது புள்ளிக்குத் தெரியாது. போட்டோவிலும் பாதிக்கு மேல் ஒரே மாதிரி கதிர்கள்தான். திரும்பவும் நேரில் போனால்தான் உண்டு. அப்படியானால் போ என்றார். எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு.

அன்றைக்கே தொடங்கினேன். அறுத்த நிலங்களில் சிக்கல் இல்லை. வெறும் அடித்தாள் நிற்கும் நிலத்தில் நடுவரைக்கும் போய்ப் புள்ளி வைத்தேன். செயற்கைக்கோள் படங்கள் பயிர் நின்ற நாளில் எடுத்தவை என்பதால் இப்போது அறுத்திருந்தாலும் பாதகமில்லை, இடம் சரியாக இருந்தால் போதும். ஆனால் முக்கால்வாசி நிலம் அறுக்கவில்லை. பழுத்த சாமை நெல்லைப் போல இல்லை, லேசாகப் பட்டாலே உதிரும். என் கையில் எட்டு நாள், பிறகு ஏழு.

கடைசியில் அக்காவிடமே கேட்டேன். உங்கள் நிலத்துக்குள் ஒரே ஒரு தடவை போய் வந்துவிடுகிறேன் என்று.

"அறுத்தப்புறம் வா. முத்துன கதிரு, துணி பட்டாலே கொட்டிடும். மூணு நாளு பொறு."

"மூணு நாள் என்கிட்ட இல்லக்கா."

"அது உன் ஆபீஸ் கத" என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இது உங்களுக்காகவும்தான் செய்கிறேன், நாலு கதிர் உதிர்ந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கத்திவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் நான் அப்படிப் பேசியிருந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"இங்க குடு அத்த. எத்த அமுக்கணும், சொல்லு."

புடவையைத் தூக்கி இறுக்கிச் செருகிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரு கையால் கதிர்களை ஒதுக்கி ஒதுக்கி உள்ளே போனார். பயிரில் எங்கே சந்து இருக்கிறது என்பது விதைத்தவருக்குத் தெரிகிறது. நடுவில் நின்று அமுக்கினார். அதே வழியில் திரும்பி வந்தார். போட்டோவில் பாதி அவருடைய கட்டைவிரல், மீதி வானம். புள்ளி மட்டும் நிலத்தின் நட்ட நடுவில் விழுந்திருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு நிலத்திலும் போனை நிலத்துக்காரர் கையில் கொடுத்தேன். ஒருவர் பொத்தானை விடாமல் அமுக்கி ஒரே இடத்தில் பன்னிரண்டு புள்ளிகளை வைத்துவிட்டு, நிறைய வைத்தால் நல்லதுதானே என்றார். ஐந்து நாளில் முதல் தடவை எடுத்ததில் பாதிகூட முடியவில்லை. கால் கொப்புளித்துப்போய் பெங்களூர் பஸ் ஏறினேன்.

குறைவான புள்ளிகளில் பாடம் சரியாக ஏறவில்லை. மதிப்பெண் நன்றாக இறங்கிவிட்டது. அக்காவின் நிலம் இப்போது பச்சையாக இருந்தது, ஆனால் பக்கத்தில் இருந்த கேழ்வரகும் பச்சையாகிவிட்டது. இறுதிப் பேச்சில் பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எங்கே தவறு, ஏன் தவறு என்று சொன்னேன். முன் வரிசையில் இருந்த ஒருவர், வயலுக்குள் ஏன் போகவில்லை என்று கேட்டார். அது பயிர், மிதிக்கக் கூடாது என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, நான் நகைச்சுவையாகச் சொன்னதாக நினைத்துவிட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த பக்கத்தைத் தட்டுவதற்குப் பதில் முந்தைய பக்கத்தைத் தட்டி, இன்னும் குழப்பினேன். மேடம் சிரிக்கவில்லை.

வேலை அந்த இன்னொருவனுக்குப் போனது. எனக்கு வந்த மெயிலில் என் நேர்மையை மிகவும் பாராட்டியிருந்தார்கள். அதைப் படித்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவனே போன் செய்து, உன் வேலை என் வேலையைவிடக் கஷ்டமானது என்றான். நல்லவன்தான். வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஊருக்கு வந்த பிறகு பத்து நாள் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கண்ணமங்கலத்துக்குப் போவேன், வேலை எதுவும் இல்லாமல் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். மனதில் ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பரில், முதல் நிலத்திலேயே, உள்ளே இறங்கியிருந்தால்? அப்பா முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வழக்கம் போல வயலுக்குப் போய்வந்தார். அதைப் பார்க்கத்தான் தாங்க முடியவில்லை.

அப்படி ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அக்கா போனில் கூப்பிட்டார். வேலை என்ன ஆயிற்று என்று கேட்டார். கிடைக்கவில்லை என்றேன். ஏன் என்றார். ஓரத்தில் நின்று எடுத்ததால் என்றேன். திரும்ப எடுக்க நாள் போதவில்லை என்பதையும், அவன் நடுவில் போய் எடுத்தான் என்பதையும் சொன்னேன்.

"நீயும் மொதல்லியே உள்ள போயிருந்தா கெடச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்கும்க்கா."

"மொத நாளு நீ என் நெலத்துல கால வெச்சிருந்தா, அன்னிக்கே மூட்டயோட ஜீப்புல ஏத்தி அனுப்பியிருப்பேன். எந்த ஊர்லயும் உன்ன வரப்புலகூட நிக்க வுட்டிருக்க மாட்டாங்க. நீ மிதிக்கலன்னு பாத்துட்டுத்தான் வூட்லயே எடம் குடுத்தேன்."

அவர் சொன்னது சரிதான். உள்ளே போயிருந்தால் புள்ளியே இருந்திருக்காது. பத்து நாளாக நான் மென்றுகொண்டிருந்த கேள்வியில் ஒன்றும் இல்லை. அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

"அது கெடக்கட்டும்" என்றார் அக்கா. "நாலு வாரம் என் வூட்ல சாப்ட்டு, என் நெலத்து ஓரமா தெனம் போய்ட்டு வந்தியே. அந்தப் போன மொத நாளே என் கைல குடுத்திருக்கலாம் இல்ல? ஏன் குடுக்கல?"

பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

"தோணலக்கா" என்றேன். அது உண்மை. அவருக்கு அமுக்கத் தெரியும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.